ஊர் துறத்தலும் ஊரில் நிலைத்தலும்: ஹிஜ்ரத் வரலாறு கற்பிக்கும் பாடம்

"இனி இந்த ஊரில் நமக்கு என்ன இருக்கிறது? எங்காவது போய்விடலாம்." இந்தப் பேச்சு ஒருமுறையேனும் எழாத வீடு நம் சமுதாயத்தில் குறைவு. ஒருவருக்குத் தொழில் நசிந்துவிட்ட வருத்தம். மற்றொருவருக்கு உறவினரோடு தீராத மனக்கசப்பு. பிள்ளைகளுக்கு மார்க்கக் கல்வி கிடைக்க வழியில்லையே என்று ஒரு தாய் கவலைப்படுகிறார். முஸ்லிம் என்று தெரிந்ததும் வாடகைக்கு வீடு இல்லை என்று கூறப்பட்ட குடும்பமோ, பிறந்த மண்ணிலேயே அந்நியமாகிப்போன வேதனையைச் சுமக்கிறது. காரணங்கள் பலவாயினும், இருக்கும் இடத்தில் மனம் ஒட்டவில்லை என்பதே அனைத்துக்கும் பொதுவானது.

இப்படிப்பட்ட வேளைகளில் நம் நாவில் எளிதாக வந்துவிடும் சொல் ஹிஜ்ரத். "நபிகளாரே ஊரை விட்டுப் புறப்படவில்லையா?" என்று ஒருவர் கேட்பார். "இருந்த இடத்தில் பொறுத்திருப்பதே ஈமான்" என்று இன்னொருவர் மறுப்பார். இருவருமே வரலாற்றின் ஒரு பக்கத்தை மட்டும் படித்தவர்கள். ஸஹாபாப் பெருமக்களில் புறப்பட்டவர்களும் இருந்தார்கள். புறப்பட்டுத் திரும்பியவர்களும் இருந்தார்கள். போகவேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். எதைக் கொண்டு அவர்கள் முடிவெடுத்தார்கள் என்பதை அறிந்துகொண்டால்தான் அவர்களுடைய வரலாறு நம் வீட்டுக்குப் பயன்படும்.

எங்கே போவது என்பதை அறிந்து போனவர்கள்

நுபுவ்வத்தின் ஐந்தாம் ஆண்டு, அதாவது கி.பி. 615. மக்காவில் இஸ்லாத்தை ஏற்றவர்களின் துன்பம் எல்லை மீறியிருந்தது. யாஸிர் (ரலி) குடும்பத்தார் வதைக்கப்பட்டார்கள்; சுமைய்யா (ரலி) அவர்கள் உயிரையே இழந்தார்கள். பிலால் (ரலி) அவர்கள் சுடுமணலில் கிடத்தப்பட்டார்கள். அந்த நிலையில்தான் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு ஹபஷா நாட்டைச் சுட்டிக்காட்டினார்கள். இன்று எத்தியோப்பியா, எரித்திரியா என வழங்கும் பகுதி அது.

அவர்கள் சுட்டிக்காட்டிய விதம் கவனிக்கத்தக்கது. இந்த ஊரை விட்டு எங்கேனும் ஓடிவிடுங்கள் என்று அவர்கள் கூறவில்லை. அந்நாட்டில் ஓர் அரசர் இருக்கிறார். அவருடைய ஆட்சியில் எவருக்கும் அநீதி இழைக்கப்படுவதில்லை. அல்லாஹ் உங்களுக்கு விடிவைத் தரும்வரை அங்கே சென்றிருங்கள் என்ற கருத்தில் கூறினார்கள். அந்த அரசர் முஸ்லிம் அல்லர்; கிறிஸ்தவர். மொழி வேறு, உணவு வேறு, இடையில் ஒரு கடல். ஆனால் நீதி இருந்தது. புகலிடம் தேடுபவனுக்கு முதலில் தேவைப்படுவது எது என்பதை நபிகளார் நன்கு அறிந்திருந்தார்கள். குறைஷியர் ஹபஷாவோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்தவர்கள். ஆகவே அது கேள்விப்படாத நாடும் அன்று.

முதற் குழுவில் 12 ஆண்களும் 4 பெண்களும் இருந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உஸ்மான் (ரலி) அவர்களும் அவர்களுடைய துணைவியாரான நபிகளாரின் திருமகள் ருகைய்யா (ரலி) அவர்களும் அக்குழுவில் இருந்தார்கள். ஷுஐபா துறையில் வணிகக் கப்பல்கள் நின்றிருந்தன. அரை தீனார் கட்டணத்தில் அவர்கள் செங்கடலைக் கடந்தார்கள். துரத்தி வந்த குறைஷியர் கரையை அடைந்தபோது கப்பல்கள் போய்விட்டிருந்தன.

ஹபஷா பயணத்துக்கு ஆயத்தமானவர்களைப் பற்றி நெஞ்சைத் தொடும் ஒரு செய்தி உண்டு. ஆமிர் இப்னு ரபீஆ (ரலி) அவர்களின் துணைவியாரான லைலா (ரலி) அவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் நின்றிருந்தார்கள். அந்த வழியே உமர் வந்தார். அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்கவில்லை. முஸ்லிம்களிடம் மிகக் கடுமை காட்டியவர். பயணந்தானா என்று அவர் வினவினார். ஆம், நீங்கள் எங்களைத் துன்புறுத்திவிட்டீர்கள். அல்லாஹ்வின் பூமியில் வேறிடம் தேடிப் போகிறோம் என்ற கருத்தில் அந்த அம்மையார் விடை கூறினார்கள். அல்லாஹ் உங்களுக்குத் துணையிருக்கட்டும் என்று சொல்லிவிட்டு உமர் நகர்ந்தார். அதுவரை காணாத ஓர் இளக்கத்தை அன்று அவரிடம் கண்டதாக லைலா (ரலி) அவர்கள் தம் கணவரிடம் கூறினார்கள். கணவர் நம்பவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே உமர் (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள்.

இனித் தேறாது என்று நாம் முடிவு கட்டிவிடும் ஊரிலும், இனித் திருந்தார் என்று நாம் முடிவு கட்டிவிடும் மனிதரிடத்திலும், நமக்குத் தெரியாமல் எதுவோ இளகிக்கொண்டிருக்கக் கூடும்.

திரும்பி வந்தவர்கள்

ஹபஷாவுக்குச் சென்ற சில மாதங்களுக்குள் மக்காவினர் இஸ்லாத்தை ஏற்றுவிட்டார்கள் என்ற வதந்தி அங்கே எட்டியது. சிலர் உடனே திரும்பினார்கள். மக்காவை நெருங்கிய பிறகுதான் அது பொய்ச் செய்தி என்று தெரிந்தது. ஊருக்குள் நுழைய வேண்டுமானால் யாராவது ஒரு தலைவரின் அடைக்கலம் வேண்டும். உஸ்மான் இப்னு மள்ஊன் (ரலி) அவர்கள் வலீத் இப்னு முகீராவின் அடைக்கலத்தில் நுழைந்தார்கள்.

அவர்களை எவரும் தொடவில்லை. விரும்பியபடி வந்து போனார்கள். ஆனால் தம் தோழர்கள் அடிபட்டுக்கொண்டிருக்க, ஓர் இணைவைப்பாளரின் நிழலில் தாம் மட்டும் சுகமாக இருப்பது அவர்களுடைய உள்ளத்தை உறுத்தியது. வலீதிடம் சென்று, அடைக்கலத்தை எல்லாரும் அறியத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் ஓர் அவையில் எழுந்த சச்சரவில் ஒருவன் அறைந்து அவர்களுடைய கண் கன்றிப்போனது. என் பாதுகாப்பில் இருந்திருந்தால் இது நேர்ந்திருக்காதே என்று வலீத் இரங்கியபோது, அல்லாஹ்வுக்காக மற்றொரு கண்ணும் இதே நிலையை அடையக் காத்திருக்கிறது என்ற பொருளில் அவர்கள் விடையளித்தார்கள்.

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களின் வரலாறு இன்னும் ஆழமானது. துன்பம் மிகுந்தபோது அவர்களும் ஹபஷாவை நோக்கிப் புறப்பட்டார்கள். யமன் திசையில் பர்குல் கிமாத் என்னும் இடம் வரை சென்றுவிட்டார்கள். அங்கே காரா குலத்தின் தலைவரான இப்னு தஃகினா அவர்களைக் கண்டார். அவரும் முஸ்லிம் அல்லர். என் சமூகத்தார் என்னை வெளியேற்றிவிட்டார்கள். பூமியில் சுற்றித் திரிந்து என் இறைவனை வணங்கப் போகிறேன் என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் கூறியதும் அவர் திகைத்துப் போனார். உங்களைப் போன்ற ஒருவர் ஊரை விட்டுப் போகவும் கூடாது, வெளியேற்றப்படவும் கூடாது என்றார். அதற்கு அவர் கூறிய காரணங்கள்தான் நாம் நினைவிற்கொள்ள வேண்டியவை: நீங்கள் இல்லாதவருக்கு ஈட்டித் தருகிறீர்கள், உறவைப் பேணுகிறீர்கள், பிறர் சுமையைச் சுமக்கிறீர்கள், விருந்தினரை உபசரிக்கிறீர்கள், இடர்ப்பட்டோருக்கு உதவுகிறீர்கள்.

அதாவது, மக்கா அபூபக்ருக்கு என்ன தந்தது என்று அவர் கணக்கிடவில்லை. அபூபக்ர் இல்லாவிட்டால் மக்கா எதை இழக்கும் என்று கணக்கிட்டார். நாமோ பெரும்பாலும் முதற் கணக்கை மட்டுமே போட்டுப் பார்க்கிறோம்.

அபூபக்ர் (ரலி) அவர்கள் திரும்பி வந்து தம் வீட்டு முற்றத்தில் ஒரு தொழுமிடம் அமைத்துக்கொண்டார்கள். அங்கே அவர்கள் குர்ஆன் ஓதும்போது கண்ணீர் வழியும். குறைஷியரின் பெண்களும் பிள்ளைகளும் அதைக் கேட்கத் திரண்டார்கள். இது குறைஷித் தலைவர்களைக் கலங்கச் செய்தது. சத்தமின்றி ஓதச் சொல்லுங்கள், அல்லது அடைக்கலத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று இப்னு தஃகினாவிடம் வற்புறுத்தினார்கள். அபூபக்ர் (ரலி) அவர்கள் அடைக்கலத்தைத் திருப்பித் தந்துவிட்டு, அல்லாஹ்வின் பாதுகாப்பே போதும் என்று அதே ஊரில் இருந்தார்கள். பின்னர் மதீனாவுக்குப் புறப்பட எண்ணியபோது, சற்றுப் பொறுங்கள் என்று நபிகளார் நிறுத்திவைத்தார்கள். அந்தப் பொறுமைக்குக் கிடைத்த பரிசுதான் நபிகளாரோடு ஸவ்ர் குகையில் தங்கும் பேறு.

ஆயத்தத்தோடு நிகழ்ந்த பயணம்

மதீனாவுக்கான ஹிஜ்ரத்தை நாம் ஓர் இரவில் நடந்த நிகழ்ச்சியாகவே நினைவிற்கொள்கிறோம். அதற்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான ஆயத்தம் இருந்தது. 621இல் அகபாவில் 12 பேர் உறுதிமொழி அளித்தார்கள். அவர்களோடு முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் யஸ்ரிபில் வீடு வீடாகச் சென்று குர்ஆனைக் கற்பித்தார்கள். 622இல் 70க்கும் மேற்பட்டோர் வந்து, தம் குடும்பத்தைக் காப்பதுபோல் நபிகளாரைக் காப்பதாக வாக்களித்தார்கள். அதன் பிறகே தோழர்கள் சிறு சிறு குழுக்களாகப் புறப்பட்டார்கள். எல்லாருக்கும் இடம் உறுதியானபின் நபிகளார் கடைசியில் புறப்பட்டார்கள்.

அப்பயணத்திலும் ஒழுங்கு இருந்தது. அபூபக்ர் (ரலி) அவர்கள் முன்கூட்டியே இரண்டு ஒட்டகங்களைத் தீனி போட்டு வளர்த்திருந்தார்கள். பாலைவழி அறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் கூலிக்கு அமர்த்தப்பட்டார். அவர் முஸ்லிமாக இல்லாதபோதும் தொழில் தெரிந்தவர், நம்பத்தக்கவர். தம்மைக் கொல்லத் துணிந்த அதே ஊர் மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க அலீ (ரலி) அவர்களை நபிகளார் மக்காவில் நிறுத்திச் சென்றார்கள். ஊரின் மீது எத்தனை மனக்கசப்பு இருந்தாலும் கடனும் அமானிதமும் தீராமல் ஊரை விட்டுப் போகலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

புறப்படும்போது நபிகளார் மக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அல்லாஹ்வின் பூமியில் தமக்கு மிகவும் பிரியமானது அந்நகரே என்றும், வெளியேற்றப்பட்டிராவிட்டால் தாம் வெளியேறியிருக்க மாட்டோம் என்றும் அவர்கள் கூறியதாக ஹதீஸ்களில் வருகிறது. பதிமூன்று ஆண்டுகள் துன்பம் தந்த ஊர் அது. அப்படியிருந்தும் அவர்களுடைய நாவிலிருந்து ஒரு சாபம் வரவில்லை. பிறந்த மண்ணை நேசிப்பது ஈமானின் பலவீனம் என்று யாரேனும் கருதினால், அவர் அந்தக் காட்சியை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.

போய்ச் சேர்ந்த பின்

ஊர் மாறினால் மனக்குறை தீர்ந்துவிடும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. முஹாஜிர்களின் அனுபவம் அதை உறுதிப்படுத்தவில்லை. மதீனாவின் தட்பவெப்பம் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அபூபக்ர் (ரலி), பிலால் (ரலி) உள்ளிட்ட பலர் கடும் காய்ச்சலில் விழுந்தார்கள். மக்கா பிலாலுக்குத் தந்தது அடிமை வாழ்வும் சித்திரவதையும்தான். ஆயினும் காய்ச்சல் சற்றுத் தணியும்போதெல்லாம், மக்காவின் பள்ளத்தாக்கையும் அதன் புற்களையும், மஜன்னாவின் நீர்நிலையையும், ஷாமா, தஃபீல் மலைகளையும் இனிக் காண்பேனா என்று ஏங்கிப் பாடுவார்கள்.

இதை ஆயிஷா (ரலி) அவர்கள் நபிகளாரிடம் எடுத்துரைத்தார்கள். விட்டு வந்ததை ஏன் நினைக்கிறார் என்று நபிகளார் கடிந்துகொள்ளவில்லை. மக்காவை நேசிப்பதுபோல், அல்லது அதைவிட அதிகமாக, மதீனாவை எங்களுக்குப் பிரியமானதாக்குவாயாக. அதன் காற்றையும் நீரையும் நலமாக்குவாயாக. அதன் அளவைகளில் பரக்கத் செய்வாயாக என்ற கருத்தில் அல்லாஹ்விடம் இறைஞ்சினார்கள். புதிய ஊரின் மீது அன்பு தானாக வந்துவிடாது. அதையும் அல்லாஹ்விடம் கேட்டுத்தான் பெறவேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம். பழைய ஊரின் மீதுள்ள அன்பு வற்றிப்போயிருந்தால், அதைத் திரும்பக் கேட்பதற்கும் இந்த துஆ வழிகாட்டுகிறது.

துஆவோடு உழைப்பும் இருந்தது. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களைச் சகோதரராக ஏற்ற ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். உங்கள் செல்வத்தில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும், கடைவீதி எங்கே என்று மட்டும் காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய வாழ்வு அது.

ஹபஷாவிலேயே தங்கிவிட்டவர்கள் ஹிஜ்ரீ 7ஆம் ஆண்டு, கைபர் வெற்றியின்போது மதீனா வந்து சேர்ந்தார்கள். நீதியுள்ள அரசரின் நிழலில் இருந்ததால் அவர்கள் சுகமாக வாழ்ந்தார்கள் என்று எண்ணத் தோன்றும். அவர்களுள் ஒருவரான அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திவிட்டோம் என்றார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்தது. நீங்கள் அல்லாஹ்வின் தூதரோடு இருந்தீர்கள். அவர்கள் உங்களில் பசித்தவருக்கு உணவளித்தார்கள், அறியாதவருக்குக் கற்பித்தார்கள். நாங்களோ உறவற்ற தொலைதூர நாட்டில் அச்சத்தோடு இருந்தோம் என்று குமுறிவிட்டு, நேரே நபிகளாரிடமே முறையிட்டார்கள். அவர்களுக்கு ஒரு ஹிஜ்ரத். கப்பலில் வந்த உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத் என்று நபிகளார் ஆறுதல் கூறினார்கள். அந்தச் செய்தியைத் தம் வாயால் கேட்க ஹபஷாத் தோழர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்று அஸ்மா (ரலி) அவர்கள் பின்னர் கூறினார்கள்.

வெளிநாட்டில் பத்திரமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன குறை என்று நாம் யாரைப் பற்றியேனும் சொல்ல முற்படும்போது, அஸ்மா (ரலி) அவர்களின் அந்தக் கோபம் நினைவுக்கு வரவேண்டும்.

உள்ளூரிலேயே இருங்கள் என்று கூறப்பட்டவர்கள்

பனூ ஸலிமா என்னும் அன்ஸாரிக் குலத்தார் மதீனாவின் ஓரப் பகுதியில் வாழ்ந்தார்கள். மஸ்ஜிதுந் நபவீ அவர்களுக்குத் தொலைவு. பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பினார்கள். அவர்களுடைய எண்ணத்தில் குறையேதும் இல்லை. தொழுகைக்காகவே இடம் மாற விரும்பினார்கள். ஆனால் மதீனாவின் ஓரங்கள் ஆளின்றிப் போவதை நபிகளார் விரும்பவில்லை. உங்கள் இல்லங்களிலேயே இருங்கள். நீங்கள் நடந்து வரும் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று அவர்களுக்கு உணர்த்தினார்கள். பள்ளிவாசல் வாசல் வரை நல்லவர்கள் நெருங்கி வாழ்ந்தால் மட்டும் போதாது. ஊரின் எல்லையிலும் நல்லவர்கள் வாழவேண்டும்.

630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்ட பின், மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்யும் கடமை முடிவுற்றது என நபிகளார் அறிவித்தார்கள். அறப்போராட்டமும் தூய எண்ணமுமே இனி எஞ்சியிருப்பவை என்றார்கள். அல்லாஹ் தடுத்தவற்றை விட்டு விலகுபவரே உண்மையான முஹாஜிர் என்பதும் அவர்களுடைய போதனை. அதேவேளை, மார்க்கத்தைப் பேண முடியாத நெருக்கடியில், வெளியேற வசதியிருந்தும் வெளியேறாதவர்களைத் திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயத்தில் கண்டிக்கிறது. அல்லாஹ்வின் பூமி விசாலமானது என்று நினைவூட்டுகிறது. வழி ஏதும் அறியாத பலவீனமான ஆண்களையும் பெண்களையும் சிறுவர்களையும் அது அக்கண்டனத்திலிருந்து விலக்குகிறது. எனவே எல்லாருக்கும் ஒரே சட்டம் என்று சொல்லிவிட முடியாது. அவரவர் நிலையை அவரவர் நேர்மையோடு எடைபோட வேண்டும்.

1920: ஆராயாமல் புறப்பட்ட ஆயிரங்கள்

இந்த ஒழுங்கை விட்டுவிட்டு ஹிஜ்ரத் என்னும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நம் துணைக்கண்டத்தின் வரலாற்றிலேயே துயரமான ஒரு சான்று உண்டு.

முதல் உலகப் போரில் உஸ்மானியப் பேரரசு தோற்றது. கிலாஃபத்தின் நிலை கேள்விக்குள்ளானது. இந்திய முஸ்லிம்கள் கொதித்தார்கள். உஸ்மானியரைத் தோற்கடித்த ஆங்கிலேயரின் ஆட்சியின்கீழ் வாழ்வது தகுமா என்ற கேள்வி எழுந்தது. நாட்டை விட்டு ஹிஜ்ரத் செய்யவேண்டும் என்ற கருத்து உலமாக்கள் சிலரிடமிருந்து வந்தது. அவர்களுள் இளைஞரான மௌலானா அபுல் கலாம் ஆசாத்தும் ஒருவர். ஆப்கானிஸ்தானின் அமீர் அமானுல்லாஹ் கான், வருவோரை வரவேற்பதாகக் கூறியிருந்தார். அந்த ஒரு சொல்லே போதுமானதாயிற்று.

1920ஆம் ஆண்டு கோடையில் சிந்து, பஞ்சாப், எல்லைப்புற மாகாணம் ஆகிய பகுதிகளிலிருந்து மக்கள் பெஷாவருக்குத் திரண்டார்கள். அங்கிருந்து கைபர் கணவாய் வழியே வண்டிகளிலும் கால்நடையாகவும் புறப்பட்டார்கள். புறப்பட்டோரின் தொகையை 20,000 முதல் 60,000 வரை பலவாறாக மதிப்பிடுகிறார்கள். அவர்களுள் மிகப் பலர் எளிய விவசாயிகள். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தையும் ஏர்மாடுகளையும் வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள்.

ஆப்கானிஸ்தான் ஏழை நாடு. அத்தனை பேருக்கும் நிலமோ உணவோ வேலையோ தர அதனால் இயலவில்லை. ஆகஸ்ட் மாதம் அந்நாட்டு அரசு வருகையை நிறுத்தியது. வழியில் இருந்தவர்கள் திரும்ப வேண்டியதாயிற்று. போய்ச் சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் பின்னர் திரும்பினார்கள். வெயிலிலும் பசியிலும் நோயிலும் பலர் வழியிலேயே மாண்டார்கள். திரும்பி வந்தவர்களை வரவேற்றது விற்றுப்போன வீடும் நிலமும்தான்.

அவர்களுடைய உள்ளத் தூய்மையை நாம் குறைகூற முடியாது. அவர்களுடைய எண்ணத்துக்கான கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால் ஹபஷாவுக்கு அனுப்பும் முன் நபிகளார் அறிந்துவைத்திருந்ததுபோல், மதீனாவுக்கு முன் அனுப்பப்பட்ட முஸ்அப் (ரலி) போல், இங்கே முன்சென்று பார்த்தவர் யார்? எத்தனை பேருக்கு இடம் உண்டு என்று கணக்கிட்டவர் யார்? உணர்ச்சி ஒரு மக்கள் கூட்டத்தைப் புறப்பட வைத்துவிடும்; போய்ச் சேர்ந்த இடத்தில் அவர்களுக்குச் சோறு போடாது.

1947: மினாராக்களின் நிழலில்

இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. பிரிவினையின் வெறியாட்டம் டெல்லியைச் சூழ்ந்தது. பல்லாயிரம் முஸ்லிம்கள் வீடுகளை இழந்து புரானா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அடைக்கலம் புகுந்தார்கள். ரயில் ரயிலாகப் பாகிஸ்தானுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போது, 1947 அக்டோபரில், டெல்லி ஜாமிஆ மஸ்ஜிதில் மக்கள்முன் நின்று, போகாதீர்கள் என்று மன்றாடியவர் யார் தெரியுமா? 1920இல் ஹிஜ்ரத்தை வலியுறுத்திய அதே மௌலானா ஆசாத்.

அவர் மக்காவில் பிறந்தவர், கல்கத்தாவில் வளர்ந்தவர், பல ஆண்டுகள் சிறையில் கழித்தவர், அப்போது இந்தியாவின் கல்வி அமைச்சர். இந்தப் பள்ளிவாசலின் மினாராக்கள் உங்களைக் கேள்வி கேட்கின்றன. உங்கள் முன்னோர் இந்த யமுனைக் கரையில் உளூச் செய்தவர்கள். இங்கேயே வாழ அஞ்சுகிறீர்களா என்ற கருத்தில் அவருடைய உரை அமைந்தது. அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று, மேவாத் பகுதியின் காஸேரா கிராமத்துக்குக் காந்தியடிகள் சென்று, வெளியேற ஆயத்தமாயிருந்த மேவ் முஸ்லிம்களை இங்கேயே இருக்குமாறு கேட்டுக்கொண்டார். அவர்களில் மிகப் பலர் தங்கினார்கள்.

கலவரங்கள் பெரிதும் எட்டாத தமிழகத்திலும் அன்று கலக்கம் இருந்தது. இனி நம் நிலை என்ன என்று சமுதாயம் திகைத்து நின்ற வேளையில், திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள் 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் சமுதாயத் தலைவர்களைக் கூட்டினார்கள். இந்திய யூனியன் முஸ்லிம் லீக் அங்கே உருவானது. இந்நாட்டின் குடிமக்களாக, அரசியல் சட்டத்தின் வழியே நம் உரிமைகளைக் கேட்டுப் பெறுவோம் என்பதே அதன் உட்பொருள். அரசியல் நிர்ணய சபையில், நாட்டின் மொழி எது என்ற விவாதம் எழுந்தபோது, தொன்மையும் வளமும் மிக்க தமிழுக்கே அத்தகுதி உண்டு என்று வாதிட்டவரும் அவரே. ஊரில் நிலைப்பது என்று முடிவு செய்தவர் ஒதுங்கி வாழவில்லை. அந்த ஊரின் பொது வாழ்வில் உரிமையோடு பங்கெடுத்தார்.

அன்று புறப்பட்டுப் போனவர்களை இழித்துரைக்க நமக்கு உரிமையில்லை. தீப்பற்றிய வீட்டிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆனால் தங்கியவர்கள் கோழைகளோ வழியற்றவர்களோ அல்லர் என்பதையும் நம் பிள்ளைகள் அறியவேண்டும். இன்று நாம் தொழும் பள்ளிவாசல்களும் நம் முன்னோரின் கப்ருஸ்தான்களும் ஆளின்றிப் போகாமல் காத்தவர்கள் அவர்களே.

நம் வீட்டில் இந்தப் பேச்சு எழும்போது

இருக்கும் ஊரில் மனம் ஒட்டாமல் போவது பாவம் அன்று. அதேபோல், அந்த மனநிலை ஒன்றே புறப்படுவதற்குப் போதுமான சான்றும் ஆகாது. இந்த வரலாற்றிலிருந்து சில கேள்விகளை எடுத்து நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

என்னைத் துரத்துவது எது? மார்க்கத்துக்கும் உயிருக்கும் மானத்துக்கும் நேர்ந்த நெருக்கடியா, அல்லது ஒரு சண்டையும் ஒரு பொறாமையுமா? சண்டையை நாம் எந்த ஊருக்கும் கூடவே எடுத்துச் செல்வோம். போகும் இடத்தைப் பற்றி உண்மையில் எனக்கு என்ன தெரியும்? அங்கே நீதி உண்டா, என் பிள்ளைகள் தொழவும் படிக்கவும் வழி உண்டா, நம்பத்தக்க ஒருவர் முன்சென்று பார்த்திருக்கிறாரா? யாரோ சொன்ன ஒரு சொல்லை நம்பி வீட்டை விற்பது 1920இன் வழி. என் கடன்களும் அமானிதங்களும் தீர்ந்தனவா? நான் போய்விட்டால் வயதான பெற்றோரை யார் பார்ப்பார்? இந்தத் தெருவில் என்னை நம்பியிருக்கும் விதவைக்கும் அனாதைக்கும் யார் இருக்கிறார்?

முடிவு ஒருவருடையதாக இருக்கலாகாது. மனைவியின் கருத்தையும் வளர்ந்த பிள்ளைகளின் கருத்தையும் கேட்டு மஷ்வரா செய்யவேண்டும். புதிய ஊரில் உறவின்றித் தனிமையில் நாளைக் கழிக்கப் போகிறவர் பெரும்பாலும் அந்தப் பெண்மணிதான். பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா துஆவை ஓதி, நலமானதை எளிதாக்கித் தருமாறு அல்லாஹ்விடம் கேட்கவேண்டும்.

போவது என்று முடிவானால், பிறந்த ஊரைத் திட்டிவிட்டுப் போகவேண்டாம். நபிகளார் மக்காவைப் பார்த்ததுபோல் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போங்கள். போய்ச் சேர்ந்த ஊரில் முதல் நாளே கடைவீதியையும் பள்ளிவாசலையும் கேட்டு அறியுங்கள். இருப்பது என்று முடிவானால், முணுமுணுத்துக்கொண்டே இருக்கவேண்டாம். உங்களைப் போன்றவர் போகக்கூடாது என்று அயலார் ஒருவர் சொல்லும்படி, இல்லாதவருக்கு உதவி, உறவைப் பேணி, விருந்தினரை உபசரித்து, அந்த ஊருக்குப் பயனுள்ளவராக இருங்கள்.

யா அல்லாஹ், நாங்கள் வாழும் ஊரை எங்களுக்குப் பிரியமானதாக்குவாயாக. அதன் காற்றிலும் நீரிலும் உணவிலும் பரக்கத் செய்வாயாக. புறப்பட வேண்டியவர்களுக்கு நீதியுள்ள நிலத்தைக் காட்டுவாயாக. தங்கவேண்டியவர்களின் பாதங்களை உறுதிப்படுத்துவாயாக. ஆமீன்.